ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிளும் பாவப்பட்ட நுங்கும்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருந்த மேட்டர் மக்களே, இன்னிக்குக் கொட்டிடறேன்.

மே மாசம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போறவங்க கையில என்ன இருக்கும்? ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிள். அது வாஷிங்டன் ஆப்பிள்னா, அங்கே அறுவடை ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான். அதாவது, ஆக்சிஜனைக் குறைச்சு, ஜீரோ டிகிரி பக்கத்துல மாசக்கணக்கா தூங்க வச்ச பழம். நோயாளியை விட அதுதான் அதிக நாள் அட்மிட் ஆகியிருக்கு!

அதே வெயில்ல, ரோட்டோரம் ஒரு அம்மா நுங்கு சீவிட்டு இருப்பாங்க. ரெண்டு நாள் விட்டா முத்திடும், ஸ்டாக் வைக்க முடியாது. அதனாலயே அது 'சாதா' அயிட்டம் ஆயிடுச்சு. கொய்யாவும் அப்படித்தான். 100 கிராம் கொய்யாவுல வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம். ஆப்பிள்ல 5 தேறினா பெருசு. ஆனா கொய்யா வாங்கிட்டுப் போனா கௌரவக் குறைச்சலாம்!

"எல்லாமே எப்பவும் கிடைக்கிறதுதானே முன்னேற்றம்?"னு கேப்பீங்க. மார்ச்லயே மாம்பழம் வேணும்னு நாம அடம் பிடிச்சாத்தானே கார்பைடு கல் வைக்கிறான்? தண்ணி பட்டா அதுல இருந்து வர்றது அசெட்டிலீன். நம்ம ஏரியா வெல்டிங் பட்டறைல இரும்பை வெட்டுற அதே கேஸ். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கலாம். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள்லயே அதுக்குத் தடை இருக்கு. தடை போட்டா போதுமா? ஜூன் வரைக்கும் பொறுக்கத் தெரியணுமே.

இன்னொண்ணு. எங்கேயோ இருந்து கடல் தாண்டி வர்ற சரக்குக்காக கன்டெய்னர் லாரிப் புகையைத் தின்கிறது ராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும். பொன்னேரிப் பக்கம் இருக்கிற பனைக்குக் கப்பலும் வேணாம், குளிர்பெட்டியும் வேணாம். அதுதான் நம்ம மாநில மரம்; வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல அரசு அறிவிச்சுது. மரத்தைக் காப்பாத்த கலெக்டர் போதும். மரம் ஏறுறவரைக் காப்பாத்த நாம நுங்கு வாங்கணும்.

ஆப்பிள் மேல எனக்கு ஒண்ணும் காண்டு இல்ல. செப்டம்பர்ல காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் வரும்போது தாராளமா வெளுத்துக் கட்டுங்க. மே மாசம் நுங்கு, ஜூலைல நாக்கு ஊதாவாகுற நாவல், மழைக்கு முன்னாடி சீதா, பொங்கலுக்கு இலந்தை. காத்திருந்து தின்ற ருசி எந்தக் குளிர்பெட்டிலயும் கிடைக்காது சாமி!