ப்ளூ டிக் இருந்தா பணம் போடலாமா?

வாலாஜாபாத்தில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதே, "வெரிஃபைடு சேனல், நம்பிப் பணம் போடு"ன்னு சொல்ற ஃப்ரெண்ட் எல்லாருக்கும் இருப்பாங்க.

சமூக வலைதளக் கணக்கோடு ஆதாரை இணைக்கணும்னு 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டாங்க. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. என்னைக் கேட்டா, அது சரிதான். கடன் தொல்லையையும் சம்பளப் பிரச்சினையையும் பேர் சொல்லாம கேட்க ஓர் இடம் வேணும்.

ஆனா நம்ம பணத்தைக் கேட்கிறவர் முகம் மறைக்கக் கூடாது. டிக் மட்டும் போதாது: 2023-ல் மெட்டா அதை மாதம் 699 ரூபாய்க்கு இந்தியாவில் விற்க ஆரம்பிச்சது. டிக் ஆள் யாருன்னு சொல்லும். முதலீட்டு ஆலோசனை தரத் தகுதி இருக்கான்னு சொல்லாது. அதுக்கு செபி பதிவு எண்ணைக் கேளுங்க, செபி தளத்தில் சரிபாருங்க. ஏமாந்துட்டீங்களா? வெட்கப்படாம உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.