சொகோத்ராவின் பங்கு

ஐரோப்பியர் வீட்டுச் சன்னலோரத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிகோனியா பூத்துக் குலுங்க வழி செய்தது அரபிக்கடலில் இருக்கும் சொகோத்ரா தீவு. 1880-இல் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபர் அங்கிருந்து கொண்டுபோன செடிக்குத் தாமரைபோல இலை நடுவில் காம்பு. கோடையில் காய்ந்து, அடியில் சிறு குமிழ்களாக உறங்கிவிடும், குளிரில் பூக்கும். பிரான்சின் நான்சி நகரில் விக்டர் லெமுவான் இதைத் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைப்பூ பிகோனியாவோடு கலந்து, 1891 வாக்கில் இளஞ்சிவப்புப் பூக்கள் மொய்க்கும் ‘குளுவார் த லொரேன்’ ரகத்தை உருவாக்கினார். லொரேனின் ஒரு பகுதி அப்போது ஜெர்மனியிடம் பறிபோயிருந்தது. பெயரை யோசித்துத்தான் வைத்திருப்பார் என்று படுகிறது. புகழ் லொரேனுக்குப் போனது, சொகோத்ராவை யார் நினைக்கிறார்கள்?

இந்த ரகத்தில் ஏறக்குறைய எல்லாமே ஆண்பூக்கள். விதையை நம்ப முடியாது. முதிர்ந்த இலையைக் காம்போடு நறுக்கி ஈரமணலில் செருகி, அடியில் இதமான சூடு கொடுத்து, வேர்விடக் காத்திருக்க வேண்டும். ஆக, தொட்டிக்குத் தொட்டி இருப்பது லெமுவானின் அதே ஒற்றைச் செடிதான். சந்தை பின்னாளில் பெரிய பூ, வளர்க்கச் சுலபம் என்று எலாட்டியர் என்ற பிகோனியா வகைக்குத் தாவிவிட்டது. வியாபாரியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுதோறும் புதுநிறம் இறக்குபவருக்குத் தரும் பதக்கத்தில் ஒன்றையாவது, விற்காத பழைய ரகத்துக்கு விடாமல் இலை நறுக்கிக்கொண்டிருக்கும் தோட்டக்காரருக்குத் தரலாம். ஒரு குளிர்காலம் அவர் சலித்துப்போனால் மீட்டெடுக்க விதைப்பொட்டலம்கூட இருக்காது.