தாழி உடையாமல் வெண்ணெய் எடுப்போம்

காய்கறிக் கடையில் பச்சை எழுத்தில் ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பையை வாங்கும்போது மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. அது எதிலிருந்து, எப்படிச் செய்யப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. இனி கேட்கத்தான் வேண்டும்.

மக்கும் பிளாஸ்டிக்குகளில் நம்பிக்கை தரும் ஒருவகையைப் பாக்டீரியாக்களே உருவாக்குகின்றன. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான் 1920-களில் இதைக் கண்டறிந்தார். சர்க்கரை தாராளமாகவும் நைட்ரஜன் குறைவாகவும் இருந்தால், சில பாக்டீரியாக்கள் நம் உடல் கொழுப்பைச் சேர்ப்பதுபோல பி.எச்.பி. என்ற இந்தப் பிளாஸ்டிக்கைத் தங்களுக்குள் சேர்த்துவைக்கின்றன. சிலவற்றின் உலர் எடையில் 80 சதவீதம்கூட இதுவாகவே இருக்கும். ஒரு நுண்ணுயிர் சேர்த்த உணவு என்பதால் மண்ணிலும் கடலிலும் உள்ள மற்ற நுண்ணுயிர்கள் இதைத் தின்று செரித்துவிடுகின்றன.

சிக்கல் அதை வெளியே எடுப்பதில் இருக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமான முறை இது: உலர்த்திய பாக்டீரியாத் தூளைக் குளோரோபார்மில் ஊறவைத்துச் சூடாக்குகிறார்கள். பிளாஸ்டிக் கரைந்து வருகிறது. செல்களின் சக்கையை வடிகட்டி ஒதுக்குகிறார்கள். தெளிந்த கரைசலைக் குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றியதும், திரிந்த பாலைப்போல வெள்ளைத் திப்பிகள் திரண்டு வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் கரைசலில் பிளாஸ்டிக் ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே கூழாகிவிடும் என்பதால், ஒரு கிலோவுக்குச் சுமார் 20 லிட்டர் கரைப்பான் தேவை. குளோரோபார்மோ புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள். மாற்றாக வெளுப்பானான ஹைப்போகுளோரைட்டைக் கொண்டு செல்களைக் கரைக்கலாம். அளவு மிஞ்சினால் அது பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியையும் அறுத்துவிடும். மண்ணைக் காக்கவென்று செய்யும் பொருள் ஆலைத் தொழிலாளியின் நுரையீரலையும் அருகிலுள்ள கிணற்றையும் கெடுக்குமானால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

உடையாத தாழிக்கும் முன்னுதாரணம் உண்டு. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில், செரானா என்ற ஊரில், 1990-களில் ஒரு சர்க்கரை ஆலையை ஒட்டியே மாதிரி ஆலை அமைத்தார்கள். பாக்டீரியாவுக்கு உணவு கரும்புச் சர்க்கரை. நீராவியும் மின்சாரமும் கரும்புச் சக்கையை எரித்துப் பெறப்பட்டன. கரைப்பானும் வெளியிலிருந்து வரவில்லை. எரிசாராயம் வடிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும் ஐசோஅமைல் ஆல்கஹாலில் பிளாஸ்டிக்கைச் சூட்டில் கரைத்து, ஆறவைத்துப் பிரித்தெடுத்தார்கள். கரும்பு ஆலைகளும் எரிசாராய ஆலைகளும் சேலத்துச் சேகோ ஆலைகளின் மரவள்ளிக் கழிவும் உள்ள தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அந்நியமானதல்ல.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். ஆய்வாளர்கள், எவ்வளவு பிளாஸ்டிக் கிடைத்தது என்பதோடு, எவ்வளவு கரைப்பான் செலவாகி எவ்வளவு மீண்டது என்பதையும் சேர்த்தே எழுதட்டும். தேவைக்கேற்ற தூய்மை போதும். அறுவை சிகிச்சைத் தையல் நூலில் பாக்டீரியா நச்சு மிக மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். நாற்றங்கால் பைக்கு அத்தனை சுத்திகரிப்பு வேண்டியதில்லை. மக்கும் பையை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும் என்கிறது சட்டம். அந்தச் சான்று பை மக்குகிறதா என்று பார்க்கிறது. எந்தக் கரைப்பானில் பிறந்தது என்பதையும் அரசு கேட்கட்டும். ஆலை நடத்துவோர், பழைய கரைப்பானை மீட்டுப் பயன்படுத்தும் செலவை வீண்செலவாக எண்ண வேண்டாம்.

நம் பங்கும் சிறிதல்ல. ஒரு கிலோ பி.எச்.பி.க்குச் சுமார் மூன்று கிலோ சர்க்கரை செலவாகிறது. அதைப் பத்து நிமிடம் கத்தரிக்காய் சுமக்க வீணாக்கலாமா? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கடைக்குப் போக மஞ்சப்பையே போதும். பாக்டீரியா தரும் பிளாஸ்டிக்கை, திரும்பப் பொறுக்க முடியாமல் மண்ணிலேயே தங்கிவிடும் பொருட்களுக்கு வைத்துக்கொள்வோம்: நாற்றங்கால் பை, வயலில் விரிக்கும் மூடாக்குத் தாள். அவற்றை வாங்கும் விவசாயியும் விற்கும் கடைக்காரரும் ‘இது எப்படி எடுக்கப்பட்டது?’ என்று ஒருமுறை கேட்டால், ஆலை பதில் சொல்லியாக வேண்டும்.