புள்ளிப் புத்தகம் நிரம்பினாற் போதுமா?

கல்வியினால் உயர்ந்த மக்கள் என்று நம்மை நாமே புகழ்ந்து கொள்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. செம்மண்ணைக் கொத்தி, கிணற்று நீரை இறைத்து, வெங்காயமும் புகையிலையும் விளைவித்து, விற்று வந்த காசிற் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய கமக்காரனும், அக்கல்லூரியிற் கற்று மருத்துவனாகவும் வழக்கறிஞனாகவும் பொறியியலாளனாகவும் உயர்ந்த அவன் பிள்ளையும் இச்சமூகத்தின் இரு தூண்கள். ஆயினும், அக்கல்லூரி பிள்ளையின் கல்வியை எந்தக் கோலினால் அளக்கின்றது என்று இவ்விருவரில் எவராவது கேட்டதுண்டா? சந்தையிற் கழிவு என்ற பெயரால் நிறையைக் குறைக்கும் வியாபாரியோடு நாம் சண்டையிடுகின்றோம். தராசு ஓர் இழை சாய்ந்தாலும் குரல் எழுப்புகின்றோம். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வந்தால் மட்டும், வகுப்பில் எத்தனையாம் இடம் என்று பார்த்து, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பி விடுகின்றோம்.

இந்த அலட்சியத்துக்கு நம் பிள்ளைகள் கொடுக்கும் விலை யாது என்பதையே இங்கு எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

வராத பிள்ளைக்கும் பத்துக்கு ஏழு

1990களின் பிற்பகுதியிற் கொண்டுவரப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தோடு, பாடசாலை மட்டக் கணிப்பீடு என்றோர் ஏற்பாடு நம் கல்லூரிகளுட் புகுந்தது. ஆண்டிறுதியில் நடக்கும் ஒரு பரீட்சையை மட்டும் நம்பியிராது, தவணை முழுவதும் பிள்ளை செய்யும் வேலையைக் கண்டு, குறை கண்ட இடத்திலேயே திருத்துவது அதன் நோக்கம். நோக்கத்திற் குற்றம் இல்லை. நல்லாசிரியர் அனைவரும் எக்காலத்திலும் செய்து வந்ததும் அதுவே.

நடப்பது யாது? பெயர் கூற நாம் விரும்பாத ஒரு கல்லூரியிலே, தவணை முடியும் தறுவாயில் ஓர் ஆசிரியர் புள்ளிப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதியதை நாம் நேரிற் கண்டோம். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பல நிரல்கள். அத்தனையும் ஓரிரவில் நிரப்பப்பட்டன. எதைக் கொண்டு இடுகின்றீர்கள் என்று வினவினோம். "தவணைப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து அதற்குப் பொருந்த இடுகின்றேன்" என்றார். அறுவடைக் காலத்தில் மூன்று கிழமை பாடசாலைக்கே வராத ஒரு பிள்ளைக்கும் பத்துக்கு ஏழு விழுந்தது. அப்பிள்ளை எந்தப் பாடத்தைத் தவறவிட்டது, எதை மறுபடி கற்பித்தல் வேண்டும் என்ற செய்தி அந்த ஏழினுள் எங்கே இருக்கின்றது?

ஆசிரியரைப் பழிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. பதிவேடு நிரம்பியிருக்கின்றதா என்று பார்க்க வரும் அதிகாரி, வெற்றிடம் இருந்தாற் கேள்வி கேட்கின்றார். பொய் இருந்தாற் கேட்பதில்லை. இத்தகைய ஆட்சியில் நேர்மையாளனுக்கே தண்டனை. ஆகவேதான் தொடர் கணிப்பீடு என்பது பரீட்சையின் நிழலாகி விட்டது. நிழலை அளந்து ஆளின் நோயை அறிய முடியுமா?

மூடிய உறையின் மேல் நாம் வைத்த நம்பிக்கை

"அப்படியாயின் இந்தக் கணிப்பீடெல்லாம் எதற்கு? பரீட்சை ஒன்றே போதும்" என்று நம்மவரிற் பலர் சொல்வதை அறிவோம். அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதை நாம் இகழ மாட்டோம்.

1880 ஆம் ஆண்டில் கேம்பிரிச்சுப் பரீட்சை இலங்கைக்கு வந்தது. நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறிக் கடல் கடந்து சென்றன. 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்ட பின்னரும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, பட்டம் இலண்டனிலிருந்தே வந்தது. எங்கோ இருந்து அளந்தவனுக்கு நம் பிள்ளையின் மண் தெரியாது, மழை தெரியாது. அது பெருங்குறை. ஆனால் பிள்ளையின் சாதியும் சமயமும் தகப்பன் பெயரும் அவனுக்குத் தெரியாது. அது ஒரு பெரும் நன்மை. பெயரில்லாத சுட்டெண் ஒன்றே, குடிசைப் பிள்ளையையும் மாளிகைப் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

அந்தச் சுட்டெண்ணையும் ஊடுருவிப் பார்க்கத் தொடங்கிய காலம் ஒன்று வந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் மிகைப் புள்ளி வழங்கினர் என்ற ஐயம் பரப்பப்பட்டது. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத் துறைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 400 இற்கு 250 புள்ளி பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 229 புள்ளி போதும் என்று வரையறுக்கப்பட்டது. அளவுகோலின் மேல் நம்பிக்கை போனால் ஒரு மக்களின் மனத்தில் என்ன விளையும் என்பதை அதன் பின் வந்த ஆண்டுகள் காட்டின. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டில், வவுனியா முகாம்களில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். வீடும் நிலமும் புத்தகமும் இழந்தவருக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு வாயிலே. அந்த வாயிலைக் காவல் செய்யும் மூடிய உறையை நம் மக்கள் பற்றிக் கொண்டிருப்பதில் வியப்பு யாது?

ஆகவே, "தெரிந்த ஆசிரியரின் கையிற் புள்ளியைக் கொடுத்தால் வேண்டியவருக்கு வேண்டியவாறு இடப்படும்" என்ற அச்சம் வீண் அச்சமன்று. ஆனால் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதனால், பிடித்திருக்கும் கொழுகொம்பு உறுதியானது என்று ஆகிவிடாது.

மூன்று மணி நேரத்தின் கொடுங்கோல்

ஒற்றைப் பரீட்சை எத்துணை உறுதியானது என்பதை அண்மைய ஆண்டுகளே சொல்லும். 2022 மார்ச்சில், கடதாசி இல்லை என்ற காரணத்தால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. 2024 சனவரியில், உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதனால், அப்பரீட்சை இரத்துச் செய்யப்பட்டு மறுபடி நடத்தப்பட்டது. கமத்தை நம்பி வாழும் மாவட்டங்களின் பிள்ளைகள் விரும்பிக் கற்கும் பாடம் அது என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு நவம்பர் 25 ஆந் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை, மழை வெள்ளத்தினால் இரண்டு நாளில் நிறுத்தப்பட்டு, டிசெம்பரிலேயே தொடரப்பட்டது. வீட்டினுள் வெள்ளம் புகுந்த பிள்ளையும், மேல்மாடியிலிருந்து மழையைப் பார்த்த பிள்ளையும் பின்னர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதினர். 2023 சனவரியிலும் 2024 சனவரியிலும் பரீட்சை தொடங்கிய நாட்களிலோ, வன்னியிலும் மட்டக்களப்பிலும் காலபோக அறுவடைக் காலம்.

இவ்வாறு பெறப்பட்ட புள்ளி இசட் புள்ளியாக மாற்றப்பட்டு, தசமத்தின் நான்காம் இடம் வரை கணிக்கப்படுகின்றது. அந்த நான்காம் இடத்து இலக்கம் ஒரு பிள்ளையை மருத்துவ பீடத்துக்கு அனுப்புகின்றது. இன்னொரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகின்றது. இத்துணை நுண்ணிய தராசு, மூன்று மணி நேரத்தில் அப்பிள்ளைக்கு வந்த காய்ச்சலையும் கலக்கத்தையும் நிறுக்குமா?

இக்கொடுங்கோலின் கீழ்க் கொழுப்பது யார்? தனியார் கல்வி நிலையங்கள். கல்லூரியிற் கணிப்பீடு பொய்யாகி விட்டமையால், பிள்ளை எங்கே பின்தங்கியிருக்கின்றது என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல ஆளில்லை. பரீட்சை நெருங்கும்போது திடீரென விழித்துக் கொள்கின்றனர். வெங்காயம் விற்ற பணம் டியூட்டரிக்குச் செல்கின்றது. விற்க வெங்காயமும் இல்லாதவனின் பிள்ளை என் செய்யும்? இலவசக் கல்வி என்று நாம் பெருமை பேசும் மரத்தின் வேரில் ஊறும் நஞ்சு இது.

வயலைப் பார்ப்பதும் நெல்லை நிறுப்பதும்

கமக்காரன் நாள்தோறும் வரம்பில் நடக்கின்றான். பயிர் மஞ்சளித்தால் உரம் இடுகின்றான். பூச்சி கண்டால் மருந்து தெளிக்கின்றான். நீர் மிஞ்சினால் வாய்க்காலை வெட்டி விடுகின்றான். அறுவடை முடிந்த பின் நெல்லை நிறுக்கின்றான். பார்வை வேறு, நிறுவை வேறு. நிறுவையை நம்பிப் பார்வையைக் கைவிட்டவனுக்கு நிறுக்க நெல் இராது. நோயாளியின் கட்டிலருகே மாணவனை நிறுத்திக் கேள்வி கேட்டுத் திருத்தும் மருத்துவ ஆசிரியருக்கும் இவ்வேறுபாடு தெரியும். மருத்துவரை ஆக்குவதற்குக் கைக்கொள்ளும் முறை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆகாது?

நாம் வேண்டுவது பரீட்சையை ஒழிப்பதன்று. பரீட்சை இருக்கட்டும், சுட்டெண்ணும் மூடிய உறையும் இருக்கட்டும். ஆனால் தவணைக் காலத்து வேலையைப் புள்ளி சேர்க்கும் சந்தையாக்காது, பிழை திருத்தும் பட்டறையாக்குதல் வேண்டும். அதற்கு நம் கல்லூரிகள் செய்ய வேண்டுவன சில உள.

முதலாவது, திருத்திய விடைத்தாள் இரண்டு கிழமைக்குள் பிள்ளையின் கைக்கு வருதல் வேண்டும். புள்ளி மட்டும் போதாது. எது பிழை, ஏன் பிழை, எவ்வாறு திருத்துவது என்று இரண்டு வரியேனும் எழுதப்படுதல் வேண்டும். பெட்டியிற் பூட்டிய விடைத்தாள் எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை.

இரண்டாவது, வேலைகள் சிலவாய் இருத்தல் வேண்டும். அவை வகுப்பறையிலேயே செய்யப்படுதல் வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஒப்படையைத் தமையனும் மாமனும் கடைக்காரனும் எழுதிக் கொடுக்கின்றனர். அதற்கு இடும் புள்ளி பிள்ளைக்கா, பெற்றோரின் பணப்பைக்கா?

மூன்றாவது, வெள்ளத்தினாலோ நோயினாலோ வயல் வேலையினாலோ வேலையைத் தவறவிட்ட பிள்ளைக்கு அது மறுபடி கொடுக்கப்படுதல் வேண்டும். வராத நாளுக்குப் பொய்யான ஏழும் வேண்டாம். இரக்கமற்ற பூச்சியமும் வேண்டாம்.

நான்காவது, சான்றிதழிற் சேரும் புள்ளி எதுவாயினும், அயற் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பெயர் மறைத்த விடைத்தாள்களிற் சிலவற்றை எடுத்து, அதே புள்ளித்திட்டத்தின்படி மறுபடி திருத்திப் பார்த்தல் வேண்டும். இருவர் புள்ளியும் பெரிதும் வேறுபட்டால் முழு வகுப்பின் தாள்களும் மறுபடி பார்க்கப்படுதல் வேண்டும். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இதுவே மருந்து.

ஐந்தாவது, பதிவேடு பெற்றோர் பார்க்கத் திறந்திருத்தல் வேண்டும். தம் பிள்ளையின் வேலையைப் பார்த்து, "இப்புள்ளி எவ்வாறு வந்தது?" என்று கேட்கும் உரிமை, எழுத்தறியாத தாய்க்கும் உண்டு.

ஆசிரியர் சுமையும் நம் கடமையும்

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இத்தனையும் எவ்வாறு செய்வது?" என்று ஆசிரியர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆகையினாலேயே வேலைகள் சிலவாய் இருத்தல் வேண்டும் என்றோம். பத்து வெற்று நிரல்களை நிரப்பும் நேரத்தில் இரண்டு உண்மையான வேலைகளைத் திருத்தி முடிக்கலாம். யாரும் வாசியாத படிவங்களைக் கேட்டு ஆசிரியரின் மாலைப் பொழுதைத் தின்னும் அலுவலகங்கள், முதலில் அவற்றைக் குறைத்துக் கொள்ளட்டும்.

பல கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரே கோலினால் அளப்பது நடவாத காரியம் என்பாருக்கு ஒரு சொல். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைகளை உயர்தர வகுப்புப் பிள்ளை உள்ள வடபுலத்து வீடுகள் அறியும். பல பாடசாலைகளின் பிள்ளைகள் ஒரே வினாத்தாளுக்கு விடையளிக்கின்றனர். நம் ஆசிரியர்களின் உழைப்பே அதற்கு முதுகெலும்பு. உயர்தரத்துக்கு இயன்றது, கீழ் வகுப்புகளுக்கு ஏன் இயலாது? இயலாமை அன்று குறை, எண்ணாமையே குறை.

உத்தியோகத்தரே, நீங்கள் பழைய மாணவர் சங்கங்களில் அமர்ந்திருக்கின்றீர்கள். மண்டபத்துக்கும் மதிலுக்கும் வாயில் வளைவுக்கும் பணம் திரட்டுகின்றீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு கேள்வியை எழுப்புங்கள்: சென்ற தவணை விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்கு எத்தனை நாளிற் போய்ச் சேர்ந்தன? கமக்காரரே, தேர்ச்சி அறிக்கையிற் கையொப்பமிடுமுன் பிள்ளையின் பயிற்சிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிவப்பு மையினால் எழுதிய ஒரு வரியேனும் அதில் உண்டா என்று பாருங்கள். இல்லையேல் மறுநாட் காலை கல்லூரி வாயிலில் நின்று கேளுங்கள்.

சந்தையில் ஒரு கிலோ குறைந்தாற் கேட்கத் தெரிந்த நமக்கு, இதையும் கேட்கத் தெரியும்.