“பால் பத்தலையா?” என்று கேட்காதீர்கள்

அயர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரே, பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்து இறங்கும் தாத்தா பாட்டிகளே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவிலேயே தாய்ப்பால் கொடுப்பது மிகக் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்று இது. ஐரிஷ் பெண்களைவிட வெளிநாட்டிலிருந்து வந்த தாய்மார்தான் இங்கே அதிகம் கொடுக்கிறார்கள். அதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். என்ன பெருமை? இங்கே பிறந்து வளரும் நம் பெண்களும் புட்டியைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்!

பக்கத்து வீட்டு ஐரிஷ் பெண்ணுக்கு மனமில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். அவளுடைய அம்மாவும் புட்டிப்பால்தான் கொடுத்தாள், பாட்டியும் அப்படித்தான். மார்பில் குழந்தையை எப்படிப் பிடிப்பது, பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்க ஆளில்லை. போதாக்குறைக்கு, நாலு பேர் முன்னால் கொடுப்பதற்குக் கூச்சம்.

ஒரு ஞானஸ்நான விருந்தில் பார்த்தேன். சாயங்கால நேரம், கைக்குழந்தை அடிக்கடி பாலுக்கு அழுதது. “மறுபடியுமா? பசியில் துடிக்கிறான், ஒரு புட்டி கொடு” என்றார் பெரியம்மா. நம் ஊர்க்காரம்மா ஒருவரும், “ஆமாம்மா, பவுடர் கொடுத்தா நல்லாத் தூங்குவான்” என்று ஒத்து ஊதினார். குழந்தையின் தாய் விருந்தாளிகளின் கோட்டுகள் குவிந்திருந்த படுக்கையறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு கொடுத்தாள். “இங்கேயே உட்காரம்மா” என்று சொல்ல ஒரு வாய் இல்லை.

பிறந்த புதிதில் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும், சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்கும். அது பால் குறைவின் அடையாளம் அல்ல. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். நீங்கள் நீட்டும் ஒவ்வொரு புட்டியும் ஊறுவதைக் குறைக்கிறது. பிறகு, “பார்த்தாயா, பத்தவில்லை” என்கிறீர்கள்! நனையும் டயப்பரையும் ஏறும் எடையையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வரும் பப்ளிக் ஹெல்த் நர்ஸிடம் கேளுங்கள், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு உதவும் லா லெச்சே லீக் கூட்டத்துக்குத் தாயோடு துணைக்குப் போங்கள். உண்மையிலேயே முடியாதவர்கள் உண்டு, அவர்களைக் குத்திக்காட்டுவது இன்னும் கொடுமை.

அப்பாக்களே, பால் கொடுப்பது மனைவியின் வேலை என்று நீங்கள் போய்ப் படுத்துக்கொள்வது என்ன நியாயம்? ஏப்பம் விடவைப்பது, டயப்பர் மாற்றுவது, அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. பொது இடத்தில் பால் கொடுக்கிறாள் என்பதற்காக ஹோட்டலிலோ கடையிலோ அவளை எழுப்பிவிட இந்த நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதை எடுத்துச் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்ப வேண்டுமே என்று நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் இங்கே வந்த சட்டத்துக்குப் பிறகு, குழந்தைக்கு 2 வயதாகும்வரை, பால் கொடுக்கவோ பிழிந்து எடுக்கவோ தினமும் 1 மணி நேரம், சம்பளப் பிடித்தம் இல்லாமல், கேட்டு வாங்கலாம். வேலைக்குத் திரும்புவதற்கு 4 வாரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை இந்த வாரமே தாயோடு உட்கார்ந்து எழுதுங்கள்.