முதியோரும் மயக்க மருந்தும்

வைத்திய சாஸ்திரம் மக்களுக்கு அளித்த நன்மைகளுள் தலையாயது யாதென வினவின், வலியறியாது ரண சிகிச்சை செய்துகொள்ளும் பேறே என நாம் தயங்காது விடை பகர்வோம். 1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகரச் செய்தார்; அவரது கழுத்திலிருந்த கட்டி அவர் அலறாமலே அறுக்கப்பட்டது. மறு ஆண்டில் எடின்பரோவில் ஸிம்ஸன் குளோரபாரத்தைக் கையாண்டார். அன்று முதல் கத்தியின் அச்சம் படிப்படியாய்க் குறைந்து வரலாயிற்று.

ஆயினும், அவ்வச்சம் நீங்கிய இடத்தில் வேறோர் அச்சம் நம் இல்லங்களிற் குடிபுகுந்துள்ளது. "பாட்டிக்கு வயது எண்பது, மயக்க மருந்து கொடுத்தால் புத்தி பேதலித்துவிடும், அறுவை வேண்டாம்" என்று கூறுவோர் பலர். இக்கூற்று முற்றும் பொய்யுமன்று, முற்றும் மெய்யுமன்று. பாதி உண்மையே முழுப் பொய்யினும் கேடு விளைப்பதாகலின், இதனை ஆராய்தல் கற்றோர் கடமையாம்.

முதுமை மயக்க மருந்தின் வலியைக் கூட்டுகின்றதென்பது மெய். கத்தி படும்போது நோயாளிகளிற் பாதிப்பேர் அசையாதிருத்தற்கு எவ்வளவு ஆவி வேண்டுமோ, அதனையே மயக்க நூலார் ஓர் அளவுகோலாகக் கொள்வர். நாற்பது வயதிற்குமேல் ஒவ்வொரு பத்தாண்டிற்கும் இவ்வளவு நூற்றுக்கு ஆறு வீதம் குறைகின்றது. எனவே, எண்பது வயதினர்க்கு நாற்பது வயதினரினும் ஐந்தில் ஒரு பங்கிற்குமேல் குறைவாகவே வேண்டும். நரம்பில் ஏற்றும் புரோபோபால் என்னும் மருந்தும் முதியோர்க்கு ஏறக்குறைய பாதியளவே போதுமானது.

இதன் காரணங்கள் இருவகைய. முதலாவது, உடலைச் சார்ந்தது. முதுமையில் உடலின் நீர் குறைந்து கொழுப்பு மிகுகின்றது; குருதியோட்டம் தளர்கின்றது; கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெல்லவே கழிக்கின்றன. மருந்து மூளையைச் சேரத் தாமதிப்பதால், 'இன்னும் உறங்கவில்லையே' என அவசரப்பட்டு மேலும் ஏற்றுவோர் அளவு மீறுவர். இரண்டாவது, மூளையையே சார்ந்தது. நரம்பணுக்களின் இணைப்புக்களும், அவற்றிடையே செய்தி கொண்டுசெல்லும் இரசாயனப் பொருள்களும் முதுமையிற் குன்றுகின்றன. மயங்கிய இளைஞனது முன்மூளையில் வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை எழும் மின்னலைகள் ஓங்கித் தோன்றும். முதியோரிடத்து அவை தாழ்ந்தே காணப்படும். அன்றியும், அவர்தம் மூளை இடையிடையே அலையின்றி மௌனமுறுதலும் எளிதில் நேர்கின்றது.

இனி, சித்தக்கலக்கம் பற்றிச் சிறிது கூறுவோம். அறுவைக்குப்பின் சில நாட்கள் முதியோர் சிலர் இடமும் காலமும் மறந்து பிதற்றுவதுண்டு. இதற்கு மயக்க மருந்து ஒன்றே காரணமெனில், முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்பின்கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்தால் இத்தொல்லை ஒழியவேண்டும். இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது. இருவகையினரிடத்தும் ஐவருள் ஒருவர்க்கு இக்கலக்கம் நேர்ந்தது; பெரிய வேற்றுமை யாதுமில்லை. ஆகவே எலும்பு முறிந்த வேதனை, உறக்கமின்மை, காய்ச்சல், பிற மருந்துகள், முன்னரே தளர்ந்த நினைவு ஆகிய யாவும் கூடியே இதனை விளைக்கின்றன என்பது தெளிவு.

நாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுவோம். இடுப்பு அறுவை முடிந்த மூதாட்டி ஒருவர் இரவெல்லாம் "இது என் வீடன்று" எனக் கதறினார். அவரது மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் பெட்டியிற் பூட்டப்பட்டிருந்தன. "கிழவிக்குப் பைத்தியம்" என்றாள் அங்கிருந்த பணியாள். மறுநாட் காலை பேத்தி வந்து அவ்விரண்டையும் அணிவித்து, "அம்மாச்சி, இது ஆஸ்பத்திரி, இன்று செவ்வாய்க்கிழமை" என்று பலமுறை பொறுமையோடு எடுத்துச் சொன்னாள். நான்கு நாட்களில் தெளிவு திரும்பிற்று. அவ்வொரு சொல்லை அம்முதியவள் கேட்டிருப்பாளோ என்பதே இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

அப்பேத்தி செய்தது வெறும் அன்புச்செயலன்று, சாஸ்திரத்திற்கும் ஒத்ததாம். அமெரிக்காவில், எழுபதும் அதற்கு மேலும் வயதுடைய 852 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 1999-ல் வெளிவந்தது. காலமும் இடமும் நினைவூட்டல், கண்ணாடி தருதல், நடக்கச் செய்தல், இரவில் உறங்கவிடல், நீரருந்தச் செய்தல் ஆகிய எளிய தொண்டுகளால் கலக்கம் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைந்தது. தைவானில், வயிற்றறுவை செய்துகொண்ட முதியோரிடத்தும் இத்தகைய தொண்டு அதனைப் பாதிக்கும் கீழாகக் குறைத்ததென 2017-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

ஆதலின் எமது கருத்து இதுவே. முதுமையைக் காட்டி வேண்டிய அறுவையை மறுத்தல் பெருந்தவறு. முறிந்த இடுப்போடு படுக்கையிற் கிடத்தல் மயக்க மருந்தினும் கொடிது. முதியோரின் வயது, உண்ணும் மருந்துகள், மறதி, முன்பு நேர்ந்த கலக்கம் ஆகியவற்றை ஒளியாது வைத்தியரிடம் உரைப்பது வீட்டார் கடன். அளவு குறைத்து, மெல்ல ஏற்றி, காத்திருத்தல் வைத்தியர் கடன். விடுமுறையில் வீடு செல்லும் மாணவர்க்கும் ஒரு கடனுண்டு: கண்விழிக்கும் முதியோர் அறிந்த முகமொன்றைக் காணுமாறு அருகிருத்தல். நம்மைத் தொட்டிலில் உறங்கவைத்தோர் துயிலெழும்போது நாம் அருகில் இருத்தல் வேண்டாவோ?