கடைசிப் போட்டி யாருக்குக் கடைசி?

எனது இளைய மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறான். கடைக்கு வா என்றால் காலையில் வருவான். பகல் சாப்பாட்டுக்குப் போனால் பின்னேரம் திரும்பி வருவதில்லை. என்னதான் செய்கிறான் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான்.

பொத்தானை அழுத்திப் பந்தை உதைக்கும் விளையாட்டல்ல இது. 'புட்போல் மெனேஜர்' என்று பெயர். கொலியர் சகோதரர்கள் இருவர் உருவாக்கி 1992 இல் 'சம்பியன்ஷிப் மெனேஜர்' என்ற பெயரில் வெளிவந்தது, 2004 முதல் இந்தப் பெயரில் வருகின்றதாம். நாம் இங்கே வீரரல்ல, முகாமையாளர். ஏச வந்த நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டேன். வீரனை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது, ஒப்பந்தம் முடியுமுன் புதுப்பிப்பது என்று எல்லாமே வியாபாரம்தான். சரக்கு மட்டும்தான் வேறு.

அன்று அவனது அணிக்கு ஒரு கிண்ணத்தின் இறுதிப் போட்டி. பிரதான கோலடிக்கும் வீரனின் பெயருக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஓர் அடையாளம் இருந்தது. சிவப்பென்றால் விளையாடவே முடியாது. செம்மஞ்சள் என்றால் இறக்கலாம், ஆனால் உபாதை முழுதாக ஆறவில்லை.

"வாப்பா, இவன் பின்தொடைத் தசை இழுத்து மூணு கிழம விளையாடல்ல. இப்ப இறக்கினா திரும்பப் பிடிக்கலாம் எண்டு பிசியோ சொல்றார். என்ன செய்ய?"

"கடைசி மெச் தானே மகன், இறக்கு" என்றேன். முப்பது வருடம் கல்லாவில் இருந்தவனின் வாயிலிருந்து யோசிக்காமல் வந்த பதில்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் அவன் விழுந்தான். மூன்று மாதம் என்றது அறிக்கை. போட்டியும் கை நழுவியது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. பதிவு செய்யாமலே விளையாட்டை மூடி, போட்டிக்கு முன்னர் பதிந்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் ஆரம்பித்தான். "இதத்தான் வாப்பா எல்லாரும் செய்ற" என்று சிரித்தான். அந்த வசதி உள்ளவனுக்கு எந்தத் தீர்மானமும் பாரமில்லை.

ஆனாலும் அந்த விளையாட்டைச் செய்தவர்கள் விடயம் தெரிந்தவர்கள் என்றே சொல்வேன். உபாதை ஆறுவது ஒரு கணக்கு, உடலில் தெம்பு இருப்பது இன்னொரு கணக்கு, போட்டிக்குரிய கூர்மை வேறொரு கணக்கு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது தவிர, அடிக்கடி உபாதைக்குள்ளாகும் இயல்பு ஒவ்வொரு வீரனுக்கும் எவ்வளவு என்று ஓர் இலக்கமும் உண்டு. அதை முகாமையாளருக்குக் காட்டமாட்டார்கள், அனுபவத்தில்தான் ஊகிக்க வேண்டும். கடைக்கு ஆள் எடுத்தவர்களுக்கு இது விளங்கும்.

மெய்யான மைதானத்தில் இந்தப் பரீட்சை 2014 இல் நடந்தது. அத்லெட்டிகோ மெட்ரிட் அணியின் டியேகோ கொஸ்தா, மே 17 ஆம் திகதி பார்சிலோனாவில் நடந்த ஸ்பெயின் லீக்கின் கடைசிப் போட்டியில் பின்தொடை உபாதையுடன் ஆரம்பத்திலேயே வெளியேறினார். சரியாக ஒரு கிழமையில் லிஸ்பனில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. இடையில் பெல்கிரேட் வரை போய் அவர் சிகிச்சை பெற்று வந்தார். பயிற்றுவிப்பாளர் சிமியோனி அவரை இறக்கினார். ஒன்பதாவது நிமிடத்தில் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

நட்டம் அந்த ஒன்பது நிமிடத்தோடு முடிந்ததா? இல்லை. அக்காலத்தில் மூன்று மாற்று வீரர்களுக்கே அனுமதி, அதில் ஒன்று ஒன்பதாவது நிமிடத்திலேயே செலவாகிவிட்டது. அப்படியிருந்தும் அத்லெட்டிகோ ஒரு கோலால் முன்னிலையில்தான் இருந்தது. 93 ஆவது நிமிடத்தில் ரியல் மெட்ரிட்டின் ராமோஸ் தலையால் அடித்துச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் அத்லெட்டிகோவின் வலப்புறப் பின்கள வீரர் ஹுவான்பிரான் நொண்டிக்கொண்டே ஓடினார், மாற்ற ஆளிருந்தும் அனுமதி மிச்சமில்லை. 4-1 என்று முடிந்தது. தவறு தன்னுடையதுதான் என்று சிமியோனி பின்னர் ஒப்புக்கொண்டார். அது பெரிய மனிதனின் குணம்.

2019 இல் நடந்தது வேறு மாதிரி. டொட்டன்ஹாமின் ஹெரி கேன் ஏப்ரல் 9 ஆம் திகதி கணுக்கால் உபாதையுற்றவர், ஜூன் 1 ஆம் திகதி லிவர்பூலுக்கு எதிரான இறுதிப் போட்டிவரை ஒரு போட்டியிலும் ஆடவில்லை. அவர் இல்லாத இடைவெளியில் அம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் அணிக்கு எதிராக மூன்று கோல்களும் அடித்து அணியை இறுதிக்குக் கொண்டுவந்தவர் லூகாஸ் மௌரா. இறுதிநாளன்று கேன் உள்ளே, மௌரா வாங்கில். கேனின் கால் தாங்கியது, தொண்ணூறு நிமிடமும் நின்றார். ஆனால் கூர்மை இருக்கவில்லை. 2-0 என்று தோல்வி. மௌராவை இறக்கியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய பெயருக்காக, ஓடிக்கொண்டிருந்தவனை உட்கார வைப்பது எமது கடைத்தெருவிலும் நடப்பதுதான்.

என்னை உறுத்துவது நான் மகனிடம் சொன்ன "கடைசி மெச் தானே" என்ற வார்த்தை. யாருக்குக் கடைசி? கழகத்தின் கணக்கில் அது கடைசி. வீரனின் காலுக்கு அல்ல. கொஸ்தாவுக்கு லிஸ்பன் முடிந்து மூன்று கிழமைக்குள் பிரேசிலில் உலகக் கிண்ணம் காத்திருந்தது. எமது புத்தகத்தை நாம் மூடிவிடுகிறோம், அவனுடைய புத்தகம் திறந்தபடியே கிடக்கிறது.

இதை எழுதும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவு. சில வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை, சீனியும் பருப்புமாக மூன்று லொறி ஒரே நாளில் வந்து நின்றன. எங்கள் ஸ்டோரில் மூட்டை இறக்கும் பெரியவர் இரண்டு நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கும் தெரியும். "ஏலுமா நானா?" என்று கேட்டேன். "ஏலும் முதலாளி" என்றார். நாட்கூலிக்காரர் வேறென்ன சொல்வார்? ஏலாது என்றால் அன்றைய காசு இல்லை, பெருநாள் உடுப்பும் இல்லை. மூன்றாவது லொறி பாதி இறங்கியபோது குனிந்தவர் நிமிரவில்லை.

வைத்தியச் செலவு கொடுத்தேன், சில மாதக் கூலியும் கொடுத்தேன். அவற்றைச் செலவுப் பக்கத்தில் எழுதிய பிறகும் அந்த வருடம் இலாபம்தான். அவர் அதன்பின் மூட்டை தூக்கவே இல்லை. இப்போது ஒரு பள்ளிவாசல் வாசலில் தொப்பியும் அத்தரும் விற்கிறார். கண்டால் ஸலாம் சொல்வார், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆகவே, இறக்கலாமா என்ற கேள்வியை உபாதையுற்றவனிடமே கேட்கக்கூடாது என்பது எனது அபிப்பிராயம். வீரனும் ஏலும் என்றுதான் சொல்வான், நாட்டாமையும் ஏலும் என்றுதான் சொல்வான். முதலாளியிடமும் கேட்கக்கூடாது, அவன் கண் லொறியில் இருக்கும். விளையாட்டில் வரும் பிசியோவுக்கு என் மகன் மீது பயமில்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறார். எமது கடைகளில் அப்படியொருவர் இல்லை. அடுத்தது, வேறு ஆள் இல்லாத நாளில்தான் இந்தக் கேள்வியே எழுகின்றது. ஒருவனை நம்பி அணியைக் கட்டியவனுக்கு அந்த நாளில் நல்ல தீர்மானம் எதுவும் மிஞ்சியிருக்காது. தவறு நடந்தது ஆறு மாதத்துக்கு முன்னர், ஆள் எடுக்காமல் விட்டபோது.

நான் இப்போது ஸ்டோரில் மேலதிகமாக ஒருவரை வைத்திருக்கிறேன். அதில் என் பங்காளியான மச்சானுக்கு உடன்பாடில்லை. சீசன் தவிர்ந்த மாதங்களில் அந்த ஆள் சும்மாதானே இருக்கிறான் என்பது அவரது வாதம். மகனிடம் கேட்டறிந்ததை அவரிடம் சொன்னேன்: இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 21 வயதைக் கடந்தவர்களை மட்டும் 25 பேர்வரை பதிந்து வைக்கிறார்கள், மைதானத்தில் இறங்குவதோ 11 பேர்.

"அவங்களுக்கு டீவிக்காரன் காசு குடுக்கிறான் மச்சான், நமக்கு யார் குடுக்கிற?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. சம்பளத்தை மாதாமாதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.